கட்டடம் திறந்த பிறகு: அங்கன்வாடிப் பராமரிப்பில் மறைந்திருக்கும் சாதி

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், எளிதில் கண்ணில் படாத ஓர் உட்பிரிவு உண்டு. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சமையலுக்கும் குடிநீருக்கும் கழிப்பிடத்திற்கும் உரிய வசதிகள் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 'இயன்றால்' என்றோ 'நிதிநிலைக்கு ஏற்ப' என்றோ அதில் எந்தச் சலுகைச் சொல்லும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உணவு எவ்வாறு சட்டப்படியான உரிமையோ, அவ்வாறே அவ்வுணவு சமைக்கப்படும் இடத்தின் தூய்மையும் அக்குழந்தையின் உரிமையாகும்.

அதே 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பல மாநிலங்களில் தேர்ந்தெடுத்து ஆராயப்பட்ட மையங்களுள் 61 விழுக்காட்டிற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. 52 விழுக்காட்டில் கழிப்பறை இல்லை. 32 விழுக்காட்டில் குடிநீர் வசதி இல்லை. 25 விழுக்காடு மையங்கள் உறுதியற்ற கட்டடங்களிலோ திறந்த வெளியிலோ இயங்கின. அதன்பின் கட்டடங்கள் பெருகியுள்ளன, கழிப்பறைகளும் கட்டப்பட்டுள்ளன. ஆயினும் அரசின் கணக்கு 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது. கழிப்பறை உண்டு; அதில் தண்ணீர் வருகிறதா? அதைக் கழுவுவது யார்? எடைக்கருவி உண்டு, அது சரியான எடையைக் காட்டுகிறதா? சமையலறை உண்டு, அடுப்புக்கும் குழந்தை உறங்கும் பாய்க்கும் இடையே சுவர் இருக்கிறதா?

இவையெல்லாம் நிருவாகத்தின் சில்லறைக் கேள்விகளாகவே கருதப்படுகின்றன. ஆனால் சாதியச் சமூகத்தில் தூய்மை ஒருபோதும் வெறும் சுகாதாரச் சிக்கலாக இருந்ததில்லை. அரசு பணமும் ஆளும் ஒதுக்காமல் விட்டுவிடும் ஒவ்வொரு பராமரிப்பு வேலையும், அவ்வேலை ஏற்கெனவே எந்தச் சாதியின் மீதும் எந்தப் பாலினத்தின் மீதும் சுமத்தப்பட்டதோ அவர்கள் தலையில் தானாகவே வந்து விழுகிறது. அவர்களாலும் சுமக்க இயலாதபோது, குழந்தையின் உடல் அதற்கு விலை கொடுக்கிறது. எனவே அங்கன்வாடியின் பராமரிப்பு சமூகநீதிக் கோரிக்கைகளின் பட்டியலில் இடம்பெற வேண்டிய ஒன்று.

மையம் எங்கே இருக்கிறது?

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டம், இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்களாக விரிந்துள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. 'பால்வாடி' என்னும் பழைய பெயரால் மக்கள் இன்றும் அவற்றை அழைக்கின்றனர். 2004இல் ஆறு மாநிலங்களில் நடத்தப்பட்டு, 2006இல் வெளியான 'ஃபோகஸ்' அறிக்கை, மையங்களின் செயல்பாட்டில் தமிழ்நாடு பிற மாநிலங்களைவிட வெகுவாக முன்னிற்பதைக் காட்டியது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதற்கொண்டு இம்மாநிலம் செய்த முதலீட்டின் பயன் அது. ஒரு மாநிலம் மனம் வைத்தால் மையங்களை நன்கு நடத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே தமிழ்நாட்டில் 'முடியுமா' என்ற கேள்விக்கு இடமில்லை. முடிந்தது யாருக்குச் சென்று சேர்கிறது, யாரைக் கடந்து செல்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை உச்சநீதிமன்றம் முன்பே எதிர்கொண்டது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் மையங்கள் அமைக்க முன்னுரிமை தரவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த ஆணை இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, ஊர்ப்புறமாயினும் நகர்ப்புறக் குடிசைப் பகுதியாயினும், கேட்ட 3 மாதத்திற்குள் மையம் பெற உரிமை உடையது என்று அது கூறியது.

நீதிமன்றம் ஏன் குடியிருப்பைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது? ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில், 'கிராமத்திற்கு ஒரு மையம்' என்பது நடைமுறையில் 'ஊருக்கு ஒரு மையம்' என்றே பொருள்படுகிறது. மூன்று வயதுக் குழந்தை தனியாக நடந்து ஊர்த்தெருவுக்குள் செல்ல இயலாது. அதிகாலையில் களத்திற்கோ செங்கல் சூளைக்கோ செல்லும் தாயால் கொண்டுவந்து விடவும் இயலாது. அண்மையில் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் இந்தியாவின் 15 இலட்சம் குடியிருப்புப் பகுதிகளின் தரவுகளை ஆராய்ந்து, பட்டியல் சாதியினரும் இசுலாமியரும் செறிந்து வாழும் பகுதிகளில் பொதுச்சேவைகள் குறைவாக இருப்பதைக் காட்டினர். மாவட்ட அளவிலான சராசரியை மட்டும் பார்த்தால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தெரு அளவில் பார்க்கும்போதே தெரியும்.

அங்கன்வாடிகளின் நிலை குறித்து நாடாளுமன்றத்தில் தரப்படும் விடைகளும் பெரும்பாலும் மாநிலவாரியான எண்களாகவே அமைகின்றன. இத்தனை மையங்களுக்குக் கழிப்பறை உண்டு, இத்தனைக்கு இல்லை என்று அவை கூறும். கழிப்பறை இல்லாத மையம் ஊரில் இருக்கிறதா சேரியில் இருக்கிறதா என்று கூறமாட்டா. சாதியைச் சொல்லாத புள்ளிவிவரம் நடுநிலையானது போலத் தோன்றும். உண்மையில் அது சாதியை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் பெயர்ப்பலகை மாறிய தெருவில் கூரை ஒழுகும் மையம் அப்படியே நின்றால், அம்மாற்றம் பலகையோடு முடிந்துவிடும்.

கட்டுவதற்கு 12 இலட்சம், காப்பதற்கு 3,000

ஒன்றிய அரசின் 'சக்ஷம் அங்கன்வாடி' திட்டத்தின் விதிமுறைகளில், ஊரக வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்து ஒரு புதிய மையக் கட்டடத்திற்கு 12 இலட்சம் ரூபாய் வகுக்கப்பட்டது. கழிப்பறைக்கு 36,000 ரூபாய். குடிநீர் வசதிக்கு 17,000 ரூபாய். அரசுக்குச் சொந்தமான கட்டடத்தைப் பராமரிக்கவோ ஆண்டுக்கு 3,000 ரூபாய்.

மாதத்திற்கு 250 ரூபாய் என்பது இதன் பொருள். கொத்தனாரின் மூன்று நான்கு நாள் கூலியோடு ஆண்டுத் தொகை முழுவதும் தீர்ந்துவிடும். சிமென்டு பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் கூரையை இதைக்கொண்டு செப்பனிட முடியாது. பழுதான மோட்டாரையோ உடைந்த கழிப்பறைப் பீங்கானையோ மாற்ற முடியாது. மழைநீர் உள்ளே வராமல் தரையை உயர்த்தவும் முடியாது. மாநில அரசும் ஊராட்சியும் அவ்வப்போது வேறு கணக்குகளிலிருந்து பணம் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் 'அவ்வப்போது' என்பது உரிமையாகாது. கேட்டு வாங்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கே அது கிடைக்கும்.

கட்டுவதற்கும் காப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாடு தற்செயலானதன்று. கட்டடத்திற்கு ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஒழுகும் குழாயைச் சரிசெய்வதற்கு இவை எதுவும் இல்லை. எனவே உடைந்தது உடைந்தபடியே கிடந்து, இறுதியில் கட்டடமே 'பழுதடைந்தது' என்று அறிவிக்கப்படும்போதே மீண்டும் பணம் வருகிறது. இடைப்பட்ட பத்து, பதினைந்து ஆண்டுகளில் அம்மையத்தில் வளரும் குழந்தைகளின் தலைமுறையொன்று, பழுதின் நடுவிலேயே தன் முதல் பாடங்களைக் கற்றுச் சென்றுவிடுகிறது.

இக்குறைபாடு எல்லா மையங்களுக்கும் பொதுவானதுதானே, இதில் சாதி எங்கே வருகிறது என்று வினவலாம். பொதுவான குறைபாடு எல்லாரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. ஊரில் உள்ள மையத்தின் கூரை ஒழுகினால் ஊராட்சித் தலைவரின் உறவினர் பேசுவார். கோயில் நிதியிலிருந்தோ நன்கொடையாகவோ ஓடு வரும். மையம் மூடினாலும் அவ்வீட்டுக் குழந்தை கட்டணம் செலுத்தி மழலையர் பள்ளிக்குச் செல்லும். சேரியில் உள்ள மையத்திற்கு இந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. பல ஊர்களில் அது ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ, மழைக்காலத்தில் முதலில் நீர் புகும் தாழ்வான நிலத்திலேயே அமைந்திருக்கிறது. அரசு கைவிட்டால் அங்கே வேறு கை நீளாது.

தூய்மை யாருடைய வேலை?

அங்கன்வாடி உதவியாளரின் பணிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உணவு சமைத்துப் பரிமாற வேண்டும். மையத்தை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். தண்ணீர் கொண்டுவர வேண்டும். சிறு குழந்தைகளை வீட்டிலிருந்து அழைத்து வரவும், அவர்களின் உடல் தூய்மையைப் பேணவும் வேண்டும். இத்தனைக்கும் ஒரே பெண். அவருக்கு வழங்கப்படுவது ஊதியம் அன்று, 'மதிப்பூதியம்'. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தியபின் உதவியாளருக்கான அதன் அளவு மாதம் 2,250 ரூபாய். பணியாளருக்கு 4,500 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்க்கின்றன. ஆயினும் அரசு ஊழியர் என்ற தகுதி மறுக்கப்படுகிறது. இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 2022 ஏப்ரலில் வேறொரு வழக்கில் இவர்கள் பணிக்கொடை பெற உரியவர்கள் என்று ஏற்றது. 16 ஆண்டுகளில் சட்டம் ஓர் அடி முன்னேறியிருக்கிறது.

கழிப்பறையைக் கழுவிய கையே சோறு பிசைந்து ஊட்ட வேண்டும் என்ற ஏற்பாடு சுகாதார நெறிக்கே முரணானது. பால்குடி மறந்த குழந்தைகள் நாளில் பலமுறை ஆடையில் கழிப்பார்கள். அதைத் துடைத்துவிட்டு, சோப்பும் ஓடும் தண்ணீரும் இல்லாத இடத்தில், அடுத்த நிமிடம் அடுப்பின் முன் நிற்க வேண்டியவரைக் குறைகூறிப் பயனில்லை. சமையலையும் கழிப்பறையையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்த திட்டமே குற்றவாளி.

இதனோடு சாதி சேரும்போது நிலைமை கொடுமையாகிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். அதிகாரிகள் முதலில் அப்பெண்ணையே இடமாற்றம் செய்தனர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கொண்டு கழிப்பறையைத் தூய்மை செய்வித்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியர் கைதானார். டெங்குக் காய்ச்சலில் விழுந்த குழந்தையிடம் தாய் கேட்டபோதே செய்தி வெளியில் வந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சாதியின் இலக்கணம் புலப்படும். தலித் சமைத்த சோறு தீட்டு. தலித் கழுவிய கழிப்பறை தூய்மை. ஒருபுறம் அவர் கை உணவைத் தொடக்கூடாது. மறுபுறம் மலத்தைத் தொடுவதற்கு அவர் குழந்தையின் கையே போதும். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்சும் 2017இல் வெளியிட்ட 'வேர் இந்தியா கோஸ்' என்னும் நூல், கழிப்பறைகள் கட்டப்பட்டும் பயன்படுத்தப்படாமல் கிடப்பதற்குத் தீட்டுக் கருத்தும், குழியைச் சுத்தம் செய்யும் வேலை குறித்த சாதிய எண்ணமும் காரணமாவதை விளக்கியது. வீட்டுக் கழிப்பறைக்குப் பொருந்தும் இவ்விளக்கம் அங்கன்வாடிக் கழிப்பறைக்கும் பொருந்தும். 'யார் கழுவுவது' என்ற கேள்விக்கு விடை இல்லாததால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும், அரசுக் கணக்கில் 'உண்டு' என்னும் கட்டத்திலேயே இடம்பெறுகிறது.

அப்படியானால் ஒவ்வொரு மையத்திற்கும் தனியே ஒரு தூய்மைப் பணியாளரை நியமித்தால் போதுமா? இங்கே நாம் விழிப்போடு இருக்க வேண்டும். குறைந்த கூலியில், ஒப்பந்த முறையில், பகுதிநேர வேலையாக அப்பணியிடம் உருவாக்கப்பட்டால், அது யாரைக்கொண்டு நிரப்பப்படும் என்பது நமக்குத் தெரியும். சாதித் தொழிலுக்கு அரசு முத்திரை குத்தியதாகவே அது முடியும். எனவே கோரிக்கை இரண்டு பகுதிகளைக் கொண்டதாக இருக்க வேண்டும். தூய்மைப் பணி தனிப் பணியிடமாக, நிரந்தர ஊதியத்தோடும் கையுறை, காலணி, கருவிகளோடும் அமைய வேண்டும். அப்பணியிடம் எல்லாச் சாதியினரைக் கொண்டும் நிரப்பப்பட வேண்டும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அதைத் திறந்து, பாதுகாப்புக் கருவிகள் இன்றி உள்ளே ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின்படி குற்றம். மையத்தின் தொட்டியை எந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் செலவு பராமரிப்புக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும்.

தண்ணீரும் தராசும்

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது. அக்குற்றம் குறித்த வழக்கும் அதன் விசாரணை மீதான ஐயங்களும் தனியே பேசப்பட வேண்டியவை. பராமரிப்பு நோக்கில் அது உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. தொட்டியைப் பூட்டி வைப்பதும், நீரை ஆய்வு செய்வதும், குளோரின் அளவைப் பார்ப்பதும் நாள்தோறும் நடக்காத இடத்தில், நீரின் தரத்தை அறிவிக்கும் முதல் கருவியாகக் குழந்தையின் உடலே ஆகிவிடுகிறது.

மாசுபட்ட நீரும் மலத்தால் மாசுபட்ட தரையும் வயிற்றுப்போக்கை மட்டும் தருவதில்லை. திரும்பத் திரும்பத் தொற்றுக்குள்ளாகும் குடல், உண்ட உணவின் சத்தை உறிஞ்சும் திறனை இழக்கிறது. முட்டையும் சத்துமாவும் கொடுத்தும் குழந்தை வளராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். பட்டியல் சாதிக் குழந்தைகளில் இது ஏறத்தாழ 39 விழுக்காடு. பட்டியலிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் சேராத பிரிவினரில் ஏறத்தாழ 30 விழுக்காடு. உணவுக்கு ஒதுக்கும் பணத்தைக் கழிப்பறையின் குழாயில் மிச்சம் பிடித்தால், அந்த உணவும் வீணாகிறது.

எடைக்கருவியின் கதையும் இத்தகையதே. முன்னர்க் குறிப்பிட்ட தணிக்கை அறிக்கை, ஆராயப்பட்ட மையங்களில் 26 விழுக்காட்டில் குழந்தைகளுக்கான இயங்கும் எடைக்கருவி இல்லை என்றும், 58 விழுக்காட்டில் பெரியவர்களுக்கான இயங்கும் எடைக்கருவி இல்லை என்றும் கூறியது. இன்று புதிய கருவிகள் வழங்கப்பட்டு, எடையும் உயரமும் கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன. ஆனால் கருவி பிழையானால் செயலியும் பிழையையே பதியும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் எடை 9.7 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது எடைக்குறைவு; 8.6 கிலோவுக்குக் கீழே இருந்தால் கடும் எடைக்குறைவு. இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ளது 1.1 கிலோ மட்டுமே. தேய்ந்த தராசு அரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால், 9.4 கிலோ எடையுள்ள குழந்தை 9.9 கிலோவாகப் பதிவாகி, 'நல்ல நிலை' என்னும் பச்சை நிறத்துக்குள் சென்றுவிடும். அதற்குரிய கூடுதல் கவனமும் மருத்துவப் பரிந்துரையும் கிடைக்காமல் போகும். ஊட்டக்குறைவு குறைந்துவிட்டதாக மாவட்ட அறிக்கை மகிழ்ச்சி தெரிவிக்கும். ஒரு கருவியைச் சரிபார்க்காமல் விடுவது, ஒரு குழந்தையின் பசியை ஆவணத்திலிருந்து அழிப்பதற்குச் சமம்.

'விபத்து' என்னும் சொல்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தின் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில், பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். மூன்றும் செய்திகளில் 'விபத்து' என்றே எழுதப்பட்டன. அடுப்பின்மேல் கீற்று, சமையல் பொருளருகே நஞ்சு, அடித்தளம் வலுவற்ற சுவர் ஆகியவை திடீரென வந்தவை அல்ல. நாள்தோறும் பலர் கண்ணெதிரே இருந்தவை. யாருடைய பொறுப்பு என்று எழுதி வைக்கப்படாதவை.

கும்பகோணத் தீயை அடுத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அரசமைப்பின் 21அ உறுப்பு 6 முதல் 14 வயது வரையே பேசுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக் கட்டடத்திற்கு அளவுகோல் வைத்திருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ 45ஆம் உறுப்பின் 'அரசு முயலும்' என்னும் வாக்குறுதியே உண்டு. தன்னால் ஓடித் தப்பிக்கவும், நேர்ந்ததைச் சொல்லவும் இயலாத வயதுக்குச் சட்டத்தின் காப்பும் மிகக் குறைவாக இருப்பது பெரும் முரண். அதனாலேயே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவை நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு மையமும் எந்தக் குடியிருப்பில் உள்ளது, அதன் கூரை, நீர், கழிப்பறை, சமையலறை, கருவிகள் எந்நிலையில் உள்ளன என்ற விவரம் குடியிருப்புவாரியாக வெளியிடப்பட வேண்டும். 'உண்டு, இல்லை' என்பதோடு 'இயங்குகிறது, இயங்கவில்லை' என்பதும் பதிவாக வேண்டும்.

இரண்டாவதாக, பராமரிப்புத் தொகை கட்டடத்தின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்பப் பொறியாளரின் மதிப்பீட்டில் வகுக்கப்பட்டு, ஆண்டின் தொடக்கத்திலேயே மையத்தின் கணக்கிற்கு வரவேண்டும். இதற்குப் பொதுநிதியே ஆதாரமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், அம்மக்களின் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்க வழிசெய்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காட்டினர். அந்நிதி, பொதுநிதி செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாகத் திருப்பப்படலாகாது. சேரி மையங்களில் தலைமுறைகளாகச் சேர்ந்த பற்றாக்குறையை ஈடுகட்டும் கூடுதல் நிதியாகவே அது பயன்பட வேண்டும்.

மூன்றாவதாக, சமையல், குழந்தைப் பராமரிப்பு, தூய்மைப் பணி ஆகியவை பிரிக்கப்பட்டு, உரிய ஊதியத்தோடு பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். பணியாளர்களின் ஊதியக் கோரிக்கையையும் குழந்தைகளின் தூய்மைக் கோரிக்கையையும் எதிரெதிராக நிறுத்துவோரிடம் எச்சரிக்கை தேவை. இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு முகங்கள்.

நான்காவதாக, தீண்டாமையைப் பராமரிப்புக் குறைபாடாகக் கருதிச் சமாதானக் கூட்டத்தில் முடித்துவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களையும் பொருட்களையும் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சமூகப் புறக்கணிப்பும் குற்றம். கடமை தவறும் அரசு அலுவலரை அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு தண்டிக்கிறது. தனித் தட்டு, தனி வரிசை, தலித் உதவியாளர் சமைப்பதால் குழந்தையை அனுப்ப மறுத்தல் ஆகியவை இச்சட்டத்தின்கீழ் எதிர்கொள்ளப்பட வேண்டியவை.

இவற்றுள் பலவற்றிற்கு அரசின் ஆணையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் தம் ஊரின் மையங்களை ஊர், சேரி எனப் பிரித்து, ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு ஒரே வாரத்தில் பார்வையிட்டால், அரசு வெளியிடாத ஒப்பீடு கையில் கிடைத்துவிடும். குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது? கழிப்பறைச் சாவி யாரிடம் உள்ளது? எடை தெரிந்த ஒரு மூட்டையை வைத்தால் தராசு அதே எண்ணைக் காட்டுகிறதா? எரிவாயு உருளை குழந்தைகள் இருக்கும் அறையிலேயே உள்ளதா? பூச்சிமருந்தும் பினாயிலும் அரிசியோடு ஒரே அலமாரியில் உள்ளனவா? கடந்த மூன்று ஆண்டுகளில் பராமரிப்புக்கு வந்த தொகை எவ்வளவு? கடைசிக் கேள்விக்கான விடையை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி 30 நாளில் பெறலாம். பார்வையிடச் செல்வோர் பணியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவரையே முதல் சாட்சியாகக் கொள்ள வேண்டும். மையத்தில் எது எப்போது உடைந்தது, அதற்காக எத்தனை முறை மனு எழுதப்பட்டது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் வேறொருவர் இலர்.

அவ்விவரங்களோடு கிராம சபைக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் அவற்றுள் ஒன்று. அங்கே நிறைவேறும் தீர்மானத்தைக்கொண்டு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அங்கே தீர்வு இல்லையெனில் மாநில உணவு ஆணையத்திற்குச் செல்லலாம். அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கைக்கு இடம் தருகிறது. சேரியின் தாய்மார்கள் அத்தணிக்கையில் பார்வையாளராக இல்லாமல் தணிக்கையாளராக அமர வேண்டும்.

சமத்துவத்தைச் சட்டப் புத்தகத்தில் படிக்கும் முன்பே குழந்தை அதை அங்கன்வாடியில் கற்கிறது. எந்தத் தம்ளரில் குடிப்பது, எந்தப் பாயில் உறங்குவது, தன் தெருவின் மையம் ஏன் ஒழுகுகிறது, ஊர்த்தெருவின் மையம் ஏன் வண்ணம் பூசி நிற்கிறது என்பவையே அதன் முதல் பாடங்கள். அப்பாடத்தை மாற்ற இன்னொரு திறப்பு விழா உதவாது. திறந்த கதவுக்குப் பின்னால் நாள்தோறும் தண்ணீர் வருவதையும், தராசு உண்மை பேசுவதையும், அங்கே உழைக்கும் பெண்ணுக்கு ஊதியமும் மதிப்பும் கிடைப்பதையும் உறுதிசெய்யும் போராட்டமே அதை மாற்றும்.